சோலைவரியும் சுண்ணாம்புச் சுவரும்

அரிப்புக் கடலோரத்திலே நிற்கிற செங்கற் சிதைவை எங்கள் சனம் அல்லிராணிக் கோட்டை என்றுதான் சொல்லும். அல்லிராணி கதையில் வருபவள். மாளிகையைக் கட்டுவித்தவர் பிரித்தானிய முடியின் முதலாவது தேசாதிபதி பிரடெரிக் நோர்த். முத்துச்சலாபக் காலத்தில் தங்கி மேற்பார்வை செய்ய 1801க்கும் 1804க்கும் இடையில் எழுப்பினார். தூண்களின் கிரேக்கப் பாணியைப் பார்த்து வெள்ளைக்காரர் அதை 'டொரிக்' என்றார்கள். கடல் கரையை அரித்து, சுவர்கள் ஒவ்வொன்றாக விழுகின்றன.

மாணவரைக் கூட்டிக்கொண்டு போனபோது ஒரு பிள்ளை கேட்டது: "சேர், கட்டுறதுக்கு முத்துக் காசு இருந்திச்சு. பழுதுபாக்க ஆர்ர காசு?"

அரசுக்கு இரண்டு வழி உண்டு. திறைசேரியிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். அல்லது வரவேண்டிய வரியை வாங்காமல் விடலாம். அமெரிக்கா 1976இல் இரண்டாவது வழியைச் சட்டமாக்கியது. இன்று அங்கே, அங்கீகரிக்கப்பட்ட பழைய கட்டடத்தை அதன் தோற்றம் கெடாமல் திருத்தினால், செலவில் 20 வீதத்தை உரிமையாளர் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அது வருமானம் தரும் கட்டடமாக இருக்கவேண்டும்; குடியிருக்கும் சொந்த வீட்டுக்குக் கிடையாது. ஐந்து வருடத்துக்குள் விற்றுவிட்டால், கழித்ததில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்டவேண்டும்.

இதைக் கேட்டு வியக்கத் தேவையில்லை. நமது மாதோட்டத்திலேயே சோழர் காலத்தில் தாழி குமரன் என்பவன் இராசராசேச்சரம் என்ற கோயிலைக் கட்டினான். அவனுடைய கல்வெட்டு கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. கட்டியதோடு அவன் நிற்கவில்லை. கோயிற் காரியங்கள் தொடர்ந்து நடக்க நிலத்தை இறையிலியாக விட்டான். இறையிலி என்றால் வரி நீங்கிய நிலம். சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு அப்படி விட்ட நிலத்துக்குப் பள்ளிச்சந்தம் என்று பெயர். நாம் தொழுகிற இடத்தைக் குறிக்கிற அதே 'பள்ளி'தான்! இந்த ஏற்பாட்டில் கவனிக்கவேண்டியது ஒன்று: வரி ஆளைப் பார்த்து விடப்படவில்லை, காரியத்தைப் பார்த்து விடப்பட்டது.

நமது வக்பிலும் இதே புத்தி இருக்கிறது. வக்புச் சொத்தின் வருமானத்தில் முதற்செலவு அந்தச் சொத்தின் பராமரிப்புத்தான். பயன்பெறுவோர் பங்கு அதற்குப் பிறகு என்பது பிக்ஹு நூல்களின் பொதுவான விதி. கூரை ஒழுகும்போது கந்தூரிச் சோறு ஆக்க முடியாது.

இந்தப் பிணைப்பு இல்லாமல் வரியை மட்டும் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போகவேண்டாம், காலிக் கோட்டையைப் பார்க்கலாம். 1988இல் அது உலக மரபுரிமைச் சின்னமானது. வெளிநாட்டவர் காணி, வீடு வாங்கினால் 100 வீத வரி கட்டவேண்டும் என்று 1963 முதல் சட்டம் இருந்தது. 2002இல் அதை நீக்கினார்கள். 2004இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்த இடைவெளியில் கோட்டைக்குள் பல வீடுகள் வெளிநாட்டவர் கைக்கு மாறின. விற்றவர்களில் நம்மவர்களும் உண்டு. வாங்கியவர்களிற் பலர் வீடுகளை அழகாகவே திருத்தினார்கள், அதை மறுப்பது நியாயமில்லை. சுவர் தப்பியது. அதற்குள் இருந்த குடும்பம்தான் இல்லை. அந்த வரிநீக்கம் வீட்டைத் திருத்தவேண்டும் என்றும் சொல்லவில்லை, குடியிருந்தவர் நிலைக்கவேண்டும் என்றும் சொல்லவில்லை.

மன்னாரில் கதை வேறு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது தீவிலிருந்தவர்கள் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனார்கள். என் வாப்பும்மாவின் வீடு பவளக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. இருபது வருடம் கழித்து வந்து பார்த்தால் ஓடும் இல்லை, மரமும் இல்லை. தலைவாசல் நிலை மட்டும் நின்றது. மாமா அதை இடித்து சீமெந்துக் கல்லில் இரண்டு அறை போட்டார். கிடைத்த உதவிப் பணம் புது வீட்டுக்குத்தான், பழைய சுவரைத் திருத்த அல்ல. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அமெரிக்க முறை மாமாவுக்கு உதவியிருக்குமா? உதவியிராது. அவர் குடியிருப்பதற்குக் கட்டியவர். வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதித்தவரும் அல்லர். வரி இல்லாதவனுக்கு வரிக்கழிவு எதற்கு? டொரிக்குக்கும் அது உதவாது. அரசு தனக்குத்தானே வரிச்சலுகை கொடுக்க முடியாது. அதற்குத் திறைசேரிக் காசும் கடலுக்கு ஒரு தடுப்பும் வேண்டும்.

சட்டமும் நமது வீடுகளைக் காணவில்லை. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டடங்களையே தானாகக் காக்கிறது. பிந்தியவற்றைத் தனியாக வர்த்தமானியில் அறிவிக்கவேண்டும். எருக்கலம்பிட்டியிலோ முசலியிலோ எஞ்சிய ஒரு சுண்ணாம்பு வீட்டுக்காக யார் வர்த்தமானி கேட்பார்?

எனக்குத் தெரிந்த சிறு வழி சோலைவரிதான். பழைய வீட்டைச் சுண்ணாம்பிலேயே திருத்தி அதில் குடியிருப்பவருக்கு உள்ளூராட்சி மன்றம் சில வருடம் அதை விட்டுக்கொடுக்கலாம்; விற்றால் திருப்பிக் கட்டவேண்டும் என்று எழுதி வைக்கலாம். தொகை சிறிதுதான், கூரை போட அது காணாது. கூடவே நேரடி மானியமும் வேண்டும். இரண்டுக்கும் முன்னால் எந்த வீடுகள் நிற்கின்றன என்ற பட்டியல் வேண்டும். அதை நாமே தயாரிக்கலாம். மாணவர்களோடு எங்கள் தெருவில் தொடங்கியிருக்கிறேன். இதுவரை ஒன்பது வீடு. ஒன்பதாவதில் நிலை மட்டும்தான் இருக்கிறது. பிள்ளைகள் அதையும் எழுதச் சொன்னார்கள்.