கஞ்சா மருந்தாக இருந்த கதை



அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள்: "சார், அம்மா இருக்கிற முதியோர் குடியிருப்பில் மூட்டுவலிக்குக் கஞ்சா மிட்டாய் சாப்பிடுகிறார்கள். சரிதானா?" நான் டாக்டர் இல்லை, வரலாற்று வாத்தியார். அதனால் வரலாற்றைச் சொல்கிறேன்.

கஞ்சா ஆங்கில மருத்துவத்துக்குள் போனது நம் கல்கத்தா வழியாகத்தான். அங்கே மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த அயர்லாந்துக்காரர் வில்லியம் ஓஷானெஸி, முதலில் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாத நோயாளிகளுக்குக் கொடுத்தார். முடிவுகளை 1839இல் வெளியிட்டார். ஒரு கிரெயின், அதாவது சுமார் 65 மில்லிகிராம் கஞ்சாப் பிசின் சாப்பிட்ட ஒரு நோயாளி ஓயாமல் பேசினார், பாடினார், இன்னும் சோறு கேட்டார். பிறகு மரக்கட்டை போலக் கிடந்தார். அடுத்த நோயாளிகளுக்கு அளவு பாதியானது.

1890இல் லண்டன் மருத்துவர் ரஸ்ஸல் ரெனால்ட்ஸ், தம் முப்பதாண்டு அனுபவத்தை லான்செட் இதழில் எழுதினார். முதியவர்களின் தூக்கமின்மைக்கு இது உதவுகிறது என்றார். கூடவே சொன்னது முக்கியம்: மிகக் குறைந்த அளவில் தொடங்குங்கள், மெல்ல ஏற்றுங்கள், மருந்து சுத்தமானதா என்று பாருங்கள்.

பிறகு ஏன் மறைந்தது? புட்டிக்குப் புட்டி வீரியம் மாறியது. தண்ணீரில் கரையாததால் ஊசியாகப் போட முடியவில்லை. ஆஸ்பிரின் வந்தது. 1937இல் அமெரிக்க வரிச் சட்டம் நெருக்கியது. 1996இல்தான் கலிபோர்னியா மக்கள் வாக்களித்து, மருந்தாக மட்டும் மீண்டும் அனுமதித்தார்கள். பிற்பாடு அங்குள்ள லகுனா வுட்ஸ் முதியோர் குடியிருப்பிலிருந்து கஞ்சாக் கடைக்குப் பேருந்தே போனது!

ரெனால்ட்ஸ் சொன்னது இன்றும் பொருந்தும். மிட்டாய் வேலை செய்ய இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். "ஒன்றும் தெரியவில்லையே" என்று இன்னொன்றை வாயில் போடுவதுதான் ஆபத்து. தலைசுற்றி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு அதன் வேகம் கூடி ரத்தக்கசிவு வரலாம். ஆகவே, சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் டாக்டரிடம் காட்டிக் கேட்ட பிறகே எதுவும். பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

ஊருக்கு வரும்போது பெட்டியில் மறந்தும் கொண்டுவராதீர்கள். 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே அது குற்றம்.

வெளிநாட்டில் பெரியவர்கள் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்