பூட்டு கதவிலா, மனத்திலா?

  

எனக்கு முன்னால் பேசிய நண்பர் என்ன சொன்னார்? “கருவி வந்தால் போதும் ஐயா, அறிவு தானாகப் பரவிவிடும்” என்றார். தண்ணீர்க் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்கிற மாதிரி சொன்னார். அவர் வீட்டிலே வருகிறது போலிருக்கிறது! (சிரிப்பு)

நான் கடலூர் மாவட்டத்துக்காரன். சிதம்பரத்திலே படித்தவன். எங்கள் சிதம்பரத்திலே ஒரு கதவு இருந்ததாகத் திருமுறை கண்ட புராணம் சொல்லுகிறது. தேவார ஏடுகள் கோயிலிலே ஓர் அறைக்குள்ளே இருக்கின்றன. கதவிலே மூவருடைய கைக்குறி. சோழ மன்னன் வந்து நிற்கிறான். பக்கத்திலே திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி. “பாடிய மூவரும் வந்தால்தான் திறப்போம்” என்கிறார்கள் உள்ளே இருப்பவர்கள். மூவரும் மறைந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது! மன்னன் சளைக்கவில்லை. மூவருடைய திருவுருவங்களையும் ஊர்வலமாகக் கொண்டுவந்து, “இதோ வந்துவிட்டார்கள், திறங்கள்” என்றான். திறந்தால் உள்ளே ஏடு இல்லை, புற்று! மண்ணைத் தள்ளி எண்ணெய் ஊற்றி எடுத்தார்கள். அரித்தது போக மிஞ்சியதுதான் இன்றைக்கு நாம் பாடுகிற தேவாரம்.

புராணம்தானே என்பீர்கள். சரி, வரலாற்றுக்கு வருகிறேன். உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போகிறார். பழைய ஏடுகள் எங்கே என்று கேட்கிறார். ஆகமத்திலே சொன்னபடி நெய்யிலே தோய்த்து ஹோமம் செய்துவிட்டோம் என்று பதில் வருகிறது! ஆடிப்பெருக்கிலே ஆற்றில் விட்டவர்களும் உண்டு. ஐயா, இவர்களெல்லாம் ஏட்டை வெறுத்தவர்களா? இல்லை. கையெடுத்துக் கும்பிட்டவர்கள். கும்பிட்டே கொன்றார்கள். நம் வீட்டிலும் சரஸ்வதி பூஜையன்று புத்தகத்துக்குப் பொட்டு வைக்கிறோம், அன்றைக்கு மட்டும் திறக்கக் கூடாது என்கிறோம். பிள்ளைகளுக்கு ஆண்டு முழுவதும் அந்தப் பூஜை இருக்காதா என்றுதான் ஆசை! (சிரிப்பு)

எதிரணி நண்பர் அச்சு, அச்சு என்றார். சிதம்பரத்திலிருந்து சீர்காழி தாண்டித் தெற்கே போனால் தரங்கம்பாடி. சீகன்பால்கு ஐயர் காலத்தில், 1713லேயே அங்கே தமிழ் அச்சு வேலை தொடங்கிவிட்டது. திருக்குறள் அச்சேறியது எப்போது? 1812லே. 99 வருஷம்! சீவக சிந்தாமணியை உ.வே.சா. பதிப்பித்தது 1887லே. அரசாங்கக் கட்டுப்பாடும் ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். 1835லே மெட்காஃப் அதைத் தளர்த்திய பிறகுதான் நம்மவர்களின் அச்சுக்கூடங்கள் பெருகின. ஆனால் ‘அது பாதிரிமார் கருவி, நமக்கு எதற்கு’ என்கிற மனமும் இருந்ததே, அதை எந்தச் சட்டம் தளர்த்தும்?

அந்த மனத்தை உடைத்தவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். பெர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து பைபிள் மொழிபெயர்ப்புக்கு உதவினவர். எதிராளியின் ஆயுதம் எப்படி வேலை செய்கிறது என்று பக்கத்திலிருந்தே பார்த்தவர். 1849லே சென்னைக்கு வந்து அச்சு இயந்திரம் வாங்கிக்கொண்டு போனார். 1852லே பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்டார். 1864லே நம் சிதம்பரத்திலே சைவப்பிரகாச வித்தியாசாலை வைத்தார்.

இந்தப் பக்கம் மருதூரிலே பிறந்த வள்ளலார். அவருக்கும் அச்சு புதிதல்ல. 1851லேயே ‘ஒழிவிலொடுக்கம்’ நூலைப் பதிப்பித்தவர். பிறர் நூலை அச்சிட்டவர், தம்முடைய பாடலை அச்சிட மட்டும் தயங்கினார். இறுக்கம் இரத்தின முதலியார் என்ற அன்பர், பாடல்கள் கைக்கு வந்து சேரும்வரை நாளுக்கு ஒருவேளைதான் சாப்பிடுவேன் என்று விரதம் இருந்தார். அப்புறம்தான் மனம் இளகியது. அப்போதும், ‘சாமி’ என்று என் பெயரோடு போட வேண்டாம், ஆரவாரமாக இருக்கிறது என்று எழுதினார். தொழுவூர் வேலாயுத முதலியார் முயற்சியால் 1867லே திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் வெளிவந்தன. வடலூரிலே தருமசாலை அடுப்பு மூட்டிய அதே ஆண்டு! ஆறாம் திருமுறையை அச்சிட அவர் இசையவில்லை. 1874லே மேட்டுக்குப்பத்தில் அவர் மறைந்து, 1885லேதான் அது வந்தது. அதே காலம், அதே அச்சு, அதே மனிதர். நான்குக்குச் சரி, ஆறுக்கு வேண்டாம். முடிவு செய்தது இயந்திரமா?

அச்சாகி நாலு பேர் கைக்குப் போனதும் என்ன ஆயிற்று? ‘இது அருட்பா அல்ல, மருட்பா’ என்று நாவலர் தரப்பு கிளம்பியது. மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு என்று துண்டு நூல்கள் பறந்தன. 1869லே கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டு வரைக்கும் போனது. அங்கே நடந்ததற்கு ஆளுக்கொரு கதை சொல்லுவார்கள், நான் அதற்குள் போகவில்லை. ஆனால் ஒன்று. ஏட்டிலேயே இருந்திருந்தால் இந்தச் சண்டை இத்தனை ஊருக்குப் போயிருக்காது. பகிர்ந்தால் சண்டையும் சேர்ந்துதான் வரும்.

கம்ப்யூட்டருக்கு வருவோம். தொடக்கத்தில் தமிழுக்கு ஆளுக்கோர் எழுத்துரு. நான் தட்டியது உங்கள் திரையிலே பூச்சி ஊர்ந்த மாதிரி தெரியும். கருவி இருந்தது, ஒற்றுமை இல்லை. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரம் அவர்கள் ‘மதுரைத் திட்டம்’ தொடங்கினார். உலகத்தின் பல மூலைகளிலிருந்து தமிழர்கள் ராத்திரி வேலை முடிந்து வந்து, ஒரு காசு வாங்காமல், பழந்தமிழ் நூல்களைத் தட்டிக் கொடுத்தார்கள். யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அந்த ஆண்டு கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். தட்டிக் கொடுத்தவர்கள்தான் கொஞ்சம்.

தட்டிக் கொடுக்காதவன் ஒருவன் இதோ நிற்கிறான். பன்னிரண்டு வருஷம் நூலகம் நூலகமாக அலைந்து நான் எழுதிய குறிப்பு அட்டைகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. ஒரு மாணவர் வந்து, “ஐயா, கொடுங்கள், கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன்” என்றார். “ஏம்ப்பா, என் உழைப்பை ஊருக்கு விடவா?” என்று திருப்பி அனுப்பினேன். 2011 டிசம்பர் 30, தானே புயல். கடலூரிலே எங்கள் வீட்டு ஓடு பறந்தது. பெட்டி திறந்துகொண்டு விடிய விடிய நனைந்தது. வெயிலிலே காயவைத்த அட்டையிலே மை இல்லை, நீலக்கறைதான்.

பரீட்சைக்கு வேண்டுமென்று ஒரு மாணவி முன்பு அழாத குறையாகக் கேட்டு நாற்பது அட்டைகளை ஜெராக்ஸ் எடுத்திருந்தாள். கேள்விப்பட்டு, அதைத் தன் குழந்தையை இடுப்பிலே வைத்துக்கொண்டு கொண்டுவந்து கொடுத்தாள். என் பன்னிரண்டு வருஷத்திலே இன்றைக்கு என்னிடம் இருப்பது அந்த நாற்பதுதான்.

நடுவர் மணியிலே கை வைத்துவிட்டார். (கைதட்டல்)