லண்டனைக் காப்பாற்றிய வாரக் கணக்கு

நாளேட்டில் ஒரு பதிவு தப்பினால் பேரேடும் தப்பாகிவிடும். வணிகவியல் படித்தவர்களுக்கும் வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கும் இது பாலபாடம். ஒரு நகரத்துக்கும் அப்படிப் பேரேடு தேவை என்பதற்கு 19-ஆம் நூற்றாண்டு லண்டன் நல்ல உதாரணம்.

இங்கிலாந்தில் 1837 முதல் பிறப்பு, இறப்புகளை அரசே பதிவு செய்யத் தொடங்கியது. இறந்தவரின் வயது, தொழில், இடம், காரணம் எல்லாம் ஏட்டில் ஏறின. தலைமைப் பதிவு அலுவலகத்தில் வில்லியம் ஃபார் என்பவர் இவற்றைத் தொகுத்தார். லண்டனின் இறப்புக் கணக்கு வாராவாரம் பகுதிவாரியாக அச்சில் வந்தது.

1854-இல் காலரா வந்தபோது டாக்டர் ஜான் ஸ்னோ இந்த அலுவலகத்திலிருந்துதான் இறந்தவர்களின் விவரம் வாங்கினார். வீடு வீடாக விசாரித்து, பிராட் தெரு பம்புதான் காரணம் என்றார். பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. ஆனாலும், கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்றுதான் பலரும் அப்போது நம்பினார்கள். ஃபாரும் அவர்களில் ஒருவர்.

1866-இல் காலரா திரும்பி வந்தது. இம்முறை ஃபார் தன் வாரக் கணக்கையும், எந்தப் பகுதிக்கு எந்த நிறுவனம் குடிநீர் தருகிறது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சாவுகள் கிழக்கு லண்டனில், ஒரே நிறுவனத்தின் எல்லைக்குள் குவிந்திருந்தன. வடிகட்டாத தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தரவில்லை என்று நிறுவனத்தின் பொறியாளர் பத்திரிகைக்கே எழுதினார். ஆனால் வீட்டுக் குழாயில் விலாங்கு மீன் வந்ததாக வாடிக்கையாளர்கள் சொன்னார்கள். வடிகட்டிய தண்ணீரில் விலாங்கு எப்படி வரும்? விசாரணையில், ஓல்டு ஃபோர்டு என்ற இடத்தில் இருந்த திறந்த நீர்த்தேக்கத்தின் தண்ணீர் விநியோகத்தில் கலந்தது தெரியவந்தது. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி மக்களுக்கு அறிவிப்பு ஒட்டப்பட்டது. லண்டன் கண்ட கடைசிப் பெரிய காலரா அதுதான்.

பாசல்ஜெட் கட்டிய பெரிய பாதாளச் சாக்கடை நகரின் பெரும்பகுதியைக் காத்தது உண்மை. கிழக்கில் அந்த வேலை அப்போது முடிந்திருக்கவில்லை. ஓட்டை எங்கே என்று காட்டிக் கொடுத்தது கணக்குதான். தேதி, முகவரி, காரணம் மூன்றும் ஒரே மாதிரி, விடாமல் எழுதப்பட்டதால்தான் அது முடிந்தது.

நம் குடியிருப்பில் தண்ணீர்ப் புகார்கள் வாட்ஸ்அப் குழுவில் வருகின்றன. மறுநாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடுகின்றன. ஒரு வீட்டில் வாடை அடித்தால் அது அந்த வீட்டுப் பிரச்சினை. ஒரே வாரத்தில் ஒரே குழாய் வரிசையில் நாலு வீடு என்றால் சம்ப்பையோ பைப்பையோ பார்க்க வேண்டும். குழுவில் இது தெரியாது, ஏட்டில் தெரியும்.

எனவே செக்யூரிட்டி அறையில் ஒரு ரெஜிஸ்டர் வைப்போம். தேதி, வீட்டு எண், போர் தண்ணீரா லாரித் தண்ணீரா, என்ன குறை என்று நான்கே கட்டம் போதும். கமிட்டி வாரம் ஒருமுறை அதைப் பார்க்கட்டும். மழைக்காலத்துக்கு முன்பே தொடங்கினால் நல்லது.