முதியோர் இறப்பாய்வு

முதியோர் இறப்பாய்வு என்பது, துன்புறுத்தலாலோ புறக்கணிப்பாலோ ஒரு முதியவர் இறந்திருக்கலாம் என்ற ஐயம் எழும்போது, மருத்துவர், காவல்துறையினர், அரசு வழக்கறிஞர், சமூகநலப் பணியாளர் ஆகியோர் ஒன்றாக அமர்ந்து அந்த இறப்பை ஆராயும் முறையாகும். குற்றவாளியைத் தண்டிப்பது நீதிமன்றத்தின் பணி. இறந்தவரின் துயரம் முன்பே யார் யாருக்குத் தெரிந்திருந்தது, எந்தக் கட்டத்தில் அவரைக் காப்பாற்றியிருக்கலாம் என்பதே இக்குழுவின் கேள்வி.

தோற்றம்

இம்முறையின் வேர் குழந்தை இறப்பாய்வில் உள்ளது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் 1978இல் அதற்கான குழு அமைந்தது. 1990களில் குடும்ப வன்முறையால் நேர்ந்த இறப்புகளும் இவ்வாறு ஆராயப்பட்டன. முதியோர் இறப்புக்கு 2001இல் கலிஃபோர்னியாவும் 2003இல் மெய்னும் சட்டவழி இடமளித்தன. 2005இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் இத்தகைய குழுக்களுக்கான கையேட்டை வெளியிட்டது.

ஆராயும் முறை

முதியவரின் உடல் எளிதில் உண்மை சொல்லாது. மெலிந்த தோல் இலேசான பிடியிலும் கன்றிப்போகும்; எலும்பு தானே முறியலாம்; படுக்கைப்புண் நோயாலும் வரும், கவனிப்பின்மையாலும் வரும். ஆகவே குழு ஒரே ஆவணத்தை நம்புவதில்லை. மருத்துவமனைச் சீட்டு, உடற்கூறாய்வு அறிக்கை, பழைய புகார்கள், வங்கிக் கணக்கு ஆகியவற்றை நாள்வாரியாக அடுக்கிப் பார்க்கிறது. உறுப்பினர்கள் தம் துறையின் தவறையும் மனந்திறந்து சொல்வதற்காகப் பேச்சு இரகசியமாக வைக்கப்படுகிறது. முடிவில் பரிந்துரைகள் தரப்படுகின்றன.

தமிழ்நாட்டுச் சூழல்

தென்மாவட்டங்களில் படுத்த படுக்கையான முதியவரை எண்ணெய்க் குளியலால் இறக்கச் செய்யும் வழக்கம் தலைக்கூத்தல் எனப்படும். 2010இல் விருதுநகர் மாவட்டத்திலிருந்து வந்த செய்திகளால் இது பரவலாகத் தெரியவந்தது. இதைப் பேசிய ‘பாரம்’ திரைப்படம் 2018ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. ஊரறிந்த இறப்பாயினும், யாரும் புகார் தராமல் உடல் எரிக்கப்பட்டுவிட்டால், ‘வயசாகிப் போச்சு’ என்ற சொல்லோடு எல்லாம் முடிந்துவிடும்.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என அது கூறுகிறது. இறப்பை ஆராயும் குழுவுக்கு அதில் இடமில்லை. பராமரிப்பு மனுக்களை வருவாய்க் கோட்டாட்சியர் விசாரிக்கிறார். புதுக்கோட்டை மாவட்டத்தில் புதுக்கோட்டை, இலுப்பூர், அறந்தாங்கி என மூன்று கோட்டங்கள் உள்ளன. திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் ஐயத்துக்குரிய வகையில் இறந்தால், விசாரிப்பவரும் அதே கோட்டாட்சியர்தான். ‘மகன் சோறு போடவில்லை’ என்று மனுக் கொடுத்த தாய் சில மாதங்களில் இறந்தால், அந்த மனுவை அவரது இறப்போடு சேர்த்துப் பார்க்கும் கடமை யாருக்கும் விதிக்கப்படவில்லை.

இதற்கான முன்மாதிரி தமிழ்நாட்டிலேயே உண்டு. 1994 முதல் இங்கு மகப்பேற்று இறப்புகள் தணிக்கை செய்யப்படுகின்றன. வீட்டாரிடம் கேட்டறிந்து, எங்கே தாமதம் நேர்ந்தது என மாவட்ட அளவில் ஆராய்கிறார்கள். பிரசவத்தில் இறந்த தாய்க்காகக் கேட்கப்படும் இக்கேள்வி, முதுமையில் இறந்த தாய்க்காகவும் கேட்கப்பட வேண்டும் என்பதே முதியோர் இறப்பாய்வின் சாரம்.