36, 23.4, 18

மேலே இருப்பது லாட்டரி நம்பர் இல்லைங்க. :-) மூளைக்கட்டி வந்த குழந்தைகளோட முழு மூளைக்கும் தண்டுவடத்துக்கும் டாக்டர்கள் கொடுத்த கதிர்வீச்சின் அளவு. அலகு, கிரே. புது வெர்ஷன் ரிலீஸ் நோட்ஸ் படிக்கிற மாதிரி மேலோட்டமா பார்த்துட்டுப் போகலாம்னுதான் உட்கார்ந்தேன். முடியலை.

கட்டியின் பேர் மெடுல்லோபிளாஸ்டோமா. சிறுமூளையில் வரும், பெரும்பாலும் குழந்தைகளுக்கு. 1925-ல் பெயிலியும் குஷிங்கும் பேர் வைத்தார்கள். மூளை அறுவை சிகிச்சையில் குஷிங் ஜாம்பவான். ஆனால் அவர் கைபட்டும் நீண்ட நாள் பிழைத்த குழந்தைகள் மிகச் சிலரே. கட்டியை வெட்டி எடுத்தாலும், மூளையைச் சுற்றி ஓடுற திரவத்தில் செல்கள் கலந்து முதுகுவரைக்கும் இறங்கிடும். அதனால மான்செஸ்டரில் பாட்டர்சனும் ஃபாரும் மூளை, தண்டுவடம் மொத்தத்துக்கும் கதிர்வீச்சு கொடுத்தார்கள். 1953-ல் முடிவை வெளியிட்டார்கள். குழந்தைகள் பிழைக்க ஆரம்பித்தார்கள்.

பிழைத்த குழந்தைகள் பள்ளிக்கூடம் போனார்கள். சிக்கல் அங்கேதான் தெரிந்தது.

முதல் ஒரு வருஷம் பெரிசா ஒண்ணும் தெரியாது. முடி முளைச்சிடும், விளையாடும். அப்புறம் மெல்ல மெல்ல வகுப்பில் பின்தங்கும். சொன்னதைப் புரிந்துகொள்ள நேரமாகும், கவனம் நிற்காது, மனக்கணக்கு போடும்போது பாதியில் எண் நழுவிடும். சிகிச்சையின்போது வயசு எவ்வளவு குறைவோ, பாதிப்பு அவ்வளவு அதிகம். ஐக்யூ வருஷா வருஷம் இறங்கும். குழந்தை படித்ததை எல்லாம் மறக்குதா?

இல்லை என்று 2001-ல் அமெரிக்காவில் செயிண்ட் ஜூட் மருத்துவமனை ஆய்வாளர்கள் காட்டினார்கள். 44 பேரை வருஷக்கணக்கில் தொடர்ந்து பரிசோதித்தார்கள். சராசரியா வருஷத்துக்கு இரண்டரை புள்ளி குறைந்தது. ஆனால் ஐக்யூ என்பது அதே வயசுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் போடுற மார்க். இந்தக் குழந்தைகள் தெரிந்ததை இழக்கலை. புதுசா கத்துக்கிற வேகம் குறைந்துபோச்சு, மத்த பிள்ளைகள் முன்னாடி ஓடிட்டாங்க. நம்ம பாஷையில் சொன்னா, ஹார்ட் டிஸ்கில் ஃபைல் எதுவும் அழியலை, ரைட் ஸ்பீடுதான் விழுந்துடுச்சு. நரம்பிழைகளுக்கு உறை போடுற செல்களையும், நினைவுக்கு வேண்டிய ஹிப்போகாம்பஸில் புது நியூரான் பிறப்பதையும் கதிர் கெடுத்துடுது.

சரி, டோஸைக் குறைக்கலாமே? அதைத்தான் பயந்து பயந்து செய்தார்கள். மூணு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைகளுக்கு கீமோ கொடுத்து கதிர்வீச்சை ஒண்ணு ரெண்டு வருஷம் தள்ளிப்போட்டுப் பார்த்தார்கள் (1986-ல் தொடங்கி, 1993-ல் வெளியான ஆய்வு). அதைவிடப் பெரிய குழந்தைகளில், கட்டி பரவாதவர்களுக்கு 36-ஐ 23.4 ஆக்கி, கூட கீமோ சேர்த்தார்கள். 2006-ல் வந்த முடிவில், ஐந்து வருஷம் கழித்தும் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 80 சதவீதத்துக்கு மேல்.

அடுத்தது 18. மூணிலிருந்து ஏழு வயசு வரை உள்ளவர்களை ரேண்டமா பிரித்து, பாதிப் பேருக்கு 18, மீதிப் பேருக்கு 23.4. 2021-ல் முடிவு வந்தது. ஐந்து வருஷம் நோயில்லாமல் இருந்தவர்கள் 23.4-ல் 82.9 சதவீதம், 18-ல் 71.4. அதாவது நூற்றுக்குப் பதினொரு குழந்தைகள் வித்தியாசம். அந்தச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட பெற்றோர்களை நினைச்சுப் பாருங்க. மூளைக்காக உயிரையா, உயிருக்காக மூளையையா? இதைத் தோல்வி அடைந்த ஆய்வுன்னு சொல்றவங்களோட எனக்கு உடன்பாடில்லை. அடிமட்டம் எங்கேன்னு யாராவது தொட்டுப் பார்த்தே ஆகணும். அதே ஆய்வில், கட்டி இருந்த இடத்துக்குக் கொடுக்கும் கூடுதல் டோஸின் பரப்பைச் சுருக்கினாலும் உயிருக்கு ஆபத்து கூடலைன்னு தெரிஞ்சது.

இப்ப புரோட்டான் வந்திருக்கு. 2019 முதல் சென்னைத் தரமணியிலேயே கிடைக்குது. அது முதுகெலும்புக்கு முன்னால் இருக்கிற இதயம், குடல் எல்லாத்தையும் காப்பாத்தும், கூடுதல் டோஸ் பக்கத்தில் சிதறுவதையும் குறைக்கும். ஆனால் முழு மூளைக்கும் கொடுக்கணும்னு முடிவு பண்ணிட்டா, புரோட்டானா இருந்தாலும் அந்த 23.4 முழு மூளைக்கும் போய்த்தான் ஆகணும்.