சீட்டியும் கஞ்சியும்

17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியச் செல்வர்களின் படுக்கையறைகளை அணிசெய்தவற்றுள் சோழமண்டலக் கரையின் சீட்டித் துணிகளுக்குத் தனியிடம் உண்டு. இரு துணிகளுக்கிடையே பஞ்சைப் பரப்பி, ஊடுதையலிட்டு, அவற்றைக் குளிர்காலப் போர்வைகளாக்கினர். அத்துணிகளின் சாயத்தைப் போற்றி எழுதியோர் பலர். அவற்றைத் தாங்கிய கஞ்சியை நினைத்தோர் சிலரே.

பாவு நூலை நீள விரித்து, அரிசிக் கஞ்சி தோய்த்து நீவுவர். பிசிறு படிந்து நூல் உறுதி பெறும். தறியில் எளிதில் அறாது. வெளுக்கையில் அக்கஞ்சி கரைந்தோடிவிடும். சாயவேலை முடிந்தபின் மீண்டும் கஞ்சியேற்றிச் சங்கால் தேய்த்து மெருகிடுவர். அவ்வாறு விறைத்த துணி வெட்டுகையில் கோணாது, ஊசியின்கீழ் நழுவாது. நம் 'கஞ்சி' என்ற சொல்லே ஆங்கிலேயர் நாவிலும் ஏறிற்று.

இத்துணிகளின் செல்வாக்கைக் கண்டு அஞ்சிய இங்கிலாந்து, தன் நெசவாளரைக் காக்க 1721இல் சட்டம் இயற்றியது. அச்சிட்ட பருத்தித் துணியை உடையாக மட்டுமன்றிப் படுக்கை விரிப்பாகவும் திரைச்சீலையாகவும் பயன்படுத்தத் தடை வந்தது. 1774 வரை அது நீடித்தது.

சட்டம் கடலுக்கு அப்பால் இருந்தது; பஞ்சமோ வாசலிலேயே நின்றது. நெசவாளனுக்கு அரிசி உணவு மட்டுமன்று, தொழிற்பொருளுமாகும். அரிசி விலை ஏறிய ஆண்டுகளில் அடி இரண்டு இடத்தில் விழுந்தது: ஒன்று வயிற்றில், மற்றொன்று தறியில்.

இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அச்சீட்டிகளின் செந்நிறம் இன்றும் மங்காமல் இருக்கிறது. சாயம் நின்றது, கஞ்சி கழுவுண்டு போயிற்று. உழைத்தவன் பெயரும் அவ்வாறே போயிற்று.