உள்ளே மிட்சுபிஷி, வெளியே பிறை நட்சத்திரம்: சாகா யாருடைய கார்?

"தேசிய கார், தேசிய கார் என்கிறார்கள். பானெட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது ஜப்பான்காரன் இன்ஜின். அப்புறம் அது எப்படி நம்ம கார்?" ஈப்போவில் எந்தப் பட்டறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். இதைக் கேட்பவர்களை நாட்டுப்பற்று இல்லாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. கேள்வி நியாயமானதுதான். பதில்தான் இன்ஜினில் இல்லை என்பது என் கட்சி.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். புரோட்டோன் நிறுவனம் பதிவானது 1983 மே மாதம். பங்குகளில் 70 விழுக்காடு ஹைகோம் கையில். மீதி 30 விழுக்காட்டை மிட்சுபிஷியின் இரண்டு நிறுவனங்கள் பாதிப் பாதியாக வைத்திருந்தன. 1985 ஜூலை 9-ஆம் தேதி அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் சாகா காரை அறிமுகம் செய்தார். அது மிட்சுபிஷியின் லான்சர் ஃபியோரேயை அடிப்படையாகக் கொண்டது. இன்ஜின், கியர் பாக்ஸ், உடல்வாகு எல்லாம் அங்கிருந்து வந்தவை. நம்முடையவை என்று சொல்ல இருந்தவை, முன்பக்கத்துப் பிறையும் பதினான்கு முனை நட்சத்திரமும், பெயரும். அந்தப் பெயரும் பொதுமக்களிடையே போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்தது. ஓய்வு பெற்ற ராணுவ வீரர் ஒருவர் அனுப்பியது. சாகா மரத்தின் சிவப்பு விதையை நம்மில் பலர் சிறு வயதில் பொறுக்கி விளையாடியிருக்கிறோம். தமிழில் ஆனைக்குன்றிமணி என்போம்.

ஒருவர் செய்த காருக்கு இன்னொருவர் பெயர் வைப்பது மலேசியாவில் பிறந்த தந்திரம் இல்லை. ரப்பர்த் தோட்டத்துத் துரைமார்கள் ஆஸ்டின், மோரிஸ் கார்களில் வலம் வந்த காலத்தை நம் தாத்தாமார்கள் பார்த்திருக்கிறார்கள். அந்த இரண்டு கம்பெனிகளும் 1952-இலேயே ஒன்றாகிவிட்டன. 1959-இல் வந்த மினி கார் ஆஸ்டின் செவன் என்று ஒரு கடையிலும், மோரிஸ் மினி மைனர் என்று அடுத்த கடையிலும் விற்கப்பட்டது. ஆஸ்டின்காரர் மோரிஸ் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். இவருக்கு அந்தக் கடை ஆகாது. கார் என்னவோ ஒன்றுதான்!

இதைவிடச் சுவையான கதை தமிழ்நாட்டில் இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஒரு தொழிற்சாலை வைத்து, 1998 முதல் லான்சர் கார்களைத் தயாரித்தது. வேலை செய்தவர்கள் நம்மவர்கள், தொழிற்சாலை இந்தியக் கம்பெனியுடையது. முகப்பில் மட்டும் மிட்சுபிஷியின் மூன்று வைரம். ஷா ஆலமில் லான்சரை வாங்கி நம் முத்திரையைப் பதித்தோம். திருவள்ளூரில் லான்சரைச் செய்து அவர்கள் முத்திரையையே வைத்துக்கொண்டார்கள். அந்த லான்சரை இந்துஸ்தான் கார் என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா?

அதே இந்துஸ்தான் மோட்டார்ஸ்தான் அம்பாசடரையும் தயாரித்தது. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த கார் அது. ஆனால் அமைச்சர் முதல் வாடகை வண்டிக்காரர் வரை ஏறி இறங்கி, இந்தியாவின் கார் என்றே பெயர் வாங்கியது. 2014-இல் உற்பத்தி நின்றது. 2017-இல் அம்பாசடர் என்ற பெயரை மட்டும் பிரான்சின் பெஜோ குழுமம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஒரு திருகாணிகூட இல்லாத வெறும் பெயருக்கு 80 கோடி!

மறுபடியும் பேராக்கிற்கு வருவோம். 1993-இல் வந்த புரோட்டோன் வீராவும் லான்சர் வழி வந்ததுதான். அதனால் ஜப்பானில் கழித்துக் கட்டிய லான்சர்களைப் பாதியாக வெட்டி இங்கே இறக்கும் 'ஹாஃப் கட்' கடைகளுக்கு நல்ல காலம் பிறந்தது. வீராவின் இன்ஜின் படுத்துவிட்டால் ஹாஃப் கட்டிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டலாம். வேகப் பிரியர்கள் லான்சர் எவொலூஷனின் டர்போ இன்ஜினையே இறக்கி வைத்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறிய காலத்தில் பட்டணத்துக்கு வந்த நம் இளைஞர்களில் பலர், பட்டறையில் கையாளாகச் சேர்ந்து இந்த வேலையைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். சான்றிதழ் இல்லாத கைத்திறன். எது எதோடு பொருந்தும் என்ற கணக்கு அவர்கள் மனப்பாடம். பெரோடுவா மைவியின் 1.3 இன்ஜினும் தொயோத்தா அவான்சாவின் 1.3 இன்ஜினும் ஒரே குடும்பம் என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி வாஜாவைப் பாருங்கள். 2000-இல் வந்த அது, புரோட்டோன் தானே வடிவமைத்த முதல் கார். ஆனாலும் 1.6 காரில் மிட்சுபிஷி இன்ஜின், 1.8-இல் பிரான்சின் ரெனோ இன்ஜின். லோட்டஸ் துணையோடு உருவாக்கிய சொந்த இன்ஜினான கேம்ப்ரோ, 2004-இல் ஜென்-2 காரில்தான் வந்தது. சொந்தமாகச் செய்யத் தொடங்கிய அந்த நாள்களில்தான் பவர் விண்டோ கேலி நாடெங்கும் பரவியது. பழைய சாகா நன்றாக உழைத்தால், "அது மிட்சு இன்ஜின், அதான்" என்றோம். கண்ணாடி இறங்காவிட்டால், "புரோட்டோன் அப்படித்தான்" என்றோம். நல்ல பெயர் ஜப்பானுக்கு, கெட்ட பெயர் நமக்கு!

இந்த வழக்கத்தில்தான் எனக்குப் பதில் தெரிகிறது. வண்டி நடு ரோட்டில் நின்றால் யாரைத் திட்டுகிறோமோ, அவர் பெயர்தான் பிராண்ட். நகைக்கடையை நினைத்துப் பாருங்கள். நான்கு கடைக்கும் சங்கிலி செய்பவர் ஒரே பத்தராக இருக்கலாம். கொக்கி கழன்றால் நாம் பத்தரைத் தேடியா போகிறோம்? வாங்கிய கடைக்குத்தான் போகிறோம்.

இது வெறும் பெயர் விவகாரமும் இல்லை. தக்காத்தா என்ற ஜப்பானியக் கம்பெனியின் காற்றுப்பைகள் பல நிறுவனங்களின் கார்களில் இருந்தன. வெடிக்கும்போது உலோகத் துண்டுகள் தெறித்து ஆள்களைக் கொன்றன. அமெரிக்காவுக்கு வெளியே பதிவான முதல் மரணம், 2014-இல் நம் சரவாக்கில், ஒரு ஹோண்டா சிட்டியில். தக்காத்தா 2017-இல் திவாலானது. பைகளை மாற்றித் தரும் பொறுப்பு கார் நிறுவனங்களின் தலையில் விழுந்தது. 2023 ஏப்ரலில், பக்கவாட்டு மோதல் சோதனையில் முறைகேடு நடந்ததை டைஹாட்சு ஒப்புக்கொண்டபோது, பட்டியலில் தொயோத்தா முத்திரை கொண்ட கார்களோடு பெரோடுவா அக்சியாவும் இருந்தது. தவறு டைஹாட்சுவுடையது, மலேசிய வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது பெரோடுவா.

அப்படியானால் இன்றைய புரோட்டோன்? 2017-இல் சீனாவின் ஜீலி 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. 2018-இல் வந்த எக்ஸ்70, ஜீலி போயுவேதான். முதலில் சீனாவிலிருந்து முழுக் காராக வந்தது, பிறகு நம் பேராக்கின் தஞ்சோங் மாலிமிலேயே பொருத்தப்பட்டது. ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த அந்த ஊருக்கு 1997 பொருளாதார நெருக்கடியால் தள்ளிப்போன தொழிற்சாலை, 2003-இல்தான் இயங்கத் தொடங்கியது. 2025-இல் அங்கே மின்சாரக் கார் தொழிற்சாலையும் திறந்தாயிற்று. வெளிநாட்டுக் கார்களுக்கு விதித்த வரியை இத்தனை ஆண்டுகள் நம் பாக்கெட்டிலிருந்து கட்டித்தான் இந்தப் பெயரை வளர்த்தோம். அதனால் நட்டு போல்ட்டு எந்த நாட்டுடையது என்று சண்டை போடுவதைவிட, பெயருக்கு உடையவரிடம் கேட்க நமக்கு வேறு கேள்விகள் இருக்கின்றன.

அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மின்சாரக் காருக்கு ஹாஃப் கட் உதவாது. பழுதைக் காட்டுவது கணினி. திறக்கும் மென்பொருள் கம்பெனியின் கையில். உயர் மின்னழுத்த பேட்டரியைப் பயிற்சி இல்லாமல் தொட்டால் உயிருக்கே ஆபத்து. வீராவுக்கு லான்சர் இன்ஜினை மாட்டிய கைகள் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. தஞ்சோங் மாலிமில் கார் செய்பவர்கள் அந்தப் பயிற்சியையும் கருவியையும் தங்கள் சர்வீஸ் சென்டருக்குள்ளேயே பூட்டி வைப்பார்களா, கட்டணம் வாங்கிக்கொண்டாவது இந்தச் சின்னப் பட்டறைகளுக்கும் கொடுப்பார்களா?